கம்பிக் காலுக்கு ஒரு சிலுவார்

தேக்கா மார்க்கெட்டின் மேல்மாடியில், சேலைக் கடைகளுக்கும் சுடிதார் கடைகளுக்கும் நடுவே சுசீலாவின் தையல் கடை இருக்கிறது. கடை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். ஒரு தையல் மிஷின், ஒரு வெட்டுமேசை, ஒரு முக்காலி, போட்டுப் பார்க்க ஒரு திரை, ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி. இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டால் மூன்றாவது ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக இந்தப் பொந்துதான் அவளுக்குச் சொர்க்கம். சுவா சூ காங்கில் காற்றோட்டமான நாலறை வீடு இருக்கிறது. அங்கே தொடர்ந்து இரண்டு நாள் உட்கார வைத்தால் மூன்றாம் நாள் தலைவலி என்று படுத்துவிடுவாள்.

வயது அறுபத்தொன்று. ரவிக்கை தைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஆபீஸ் பிள்ளைகளின் கால்சட்டையை நீளம் குறைப்பது, இதெல்லாம் பிழைப்பு. ஆனால் அவள் பெயரை நாலு பேருக்குத் தெரிய வைத்தது ஒரு சிலுவார். பேன்ட்டை அவள் சிலுவார் என்றுதான் சொல்வாள். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், வேறு எப்படிச் சொல்வாள்? தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் முதலில் விழிப்பார்கள். இரண்டாம் தடவை வரும்போது அவர்களும் "அக்கா, என் சிலுவார் ரெடியா?" என்று நிற்பார்கள்.

கட்டுமான இடத்தில் அடிபட்டு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப் போனவர்களுக்கு, காலைச் சுற்றி வெளியிலேயே இரும்பு வளையம் மாட்டி, தோலுக்குள் கம்பிகளைச் செலுத்தி எலும்பைப் பிடித்து வைப்பார்கள். கம்பிக் கால் என்பது தொழிலாளிகள் வைத்த பெயர். எட்டு மாசம், பத்து மாசம், சிலருக்கு ஒன்றரை வருஷம் அந்த வளையத்தோடுதான் வாழ வேண்டும். எந்தக் கடைப் பேன்ட்டும் அதன் மேல் ஏறாது. கைலி கட்டலாம், அரைக்கால் சட்டை போடலாம், அவ்வளவுதான். அவர்களுக்காக சுசீலா தைப்பதுதான் அந்தச் சிலுவார். கூலி கிடையாது.

இப்போதெல்லாம் ஆர்டர் போனில் வருகிறது. தொண்டு அமைப்பில் வேலை பார்க்கும் பெண்கள் படமும் அளவும் அனுப்புகிறார்கள், தைத்து முடித்ததும் கூரியர்காரன் வந்து வாங்கிக்கொண்டு கிராஞ்சிப் பக்கம் விடுதிகளுக்குக் கொண்டு போகிறான். வசதிதான். ஆனால் அந்த முக்காலியில் வந்து உட்கார ஆளில்லை. அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேல்மாடிப் படிக்கட்டில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டாலே சுசீலா மிஷினை நிறுத்திவிடுவாள். அந்தச் சத்தத்துக்கு இப்போது மனசு ஏங்குகிறது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்பதால் சொல்வதில்லை.

போனிலும் அவள் முதலில் கேட்பது அளவை இல்லை. "தெரியற மாதிரி வேணுமா, தெரியாத மாதிரி வேணுமா, அதக் கேட்டுச் சொல்லுங்க" என்பாள். அந்தப் பெண்களுக்குப் புரியாது. அந்தக் கேள்வி பிறந்தது வெங்கட்டால்.

அதற்கு முன்னால், சிலுவார் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவன் புத்தம் புது ஜீன்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இதுல ஒரு காலை மட்டும் வெட்டி விட்டுருங்க" என்றான். கிறுக்கனோ என்று நிமிர்ந்தவள் அவன் காலைப் பார்த்தாள், வெட்டிக் கொடுத்தாள். அடுத்த வாரமே திரும்பி வந்தான். "கோயிலுக்குப் போனா ஒரு கால் பெரிய மனுஷன் மாதிரியும் ஒரு கால் ஸ்கூல் பையன் மாதிரியும் இருக்குக்கா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சுசீலாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றே ஒரு கால்சட்டையின் பக்கத் தையலைத் தொடையிலிருந்து கணுக்கால் வரை பிரித்தாள். எதிர்க்கடை ஆயிஷாவிடம் போய் அழுத்துப் பட்டன் இருக்கிறதா என்று கேட்டாள். ஆயிஷா மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங்கும் லேஸும் விற்கிறவள், வாய் ஓயாதவள். எதற்கு என்று கேட்டாள். சொன்னதும் ஒரு பாக்கெட் பட்டனை அப்படியே தூக்கி மேசையில் போட்டாள். "தீர்ந்தா கேளுங்க லா, கேக்காம இருந்தா கோவம் வரும்" என்றாள். அதோடு பட்டன் கவலை தீர்ந்தது. துணிக்கு, சிராங்கூன் ரோட்டில் சூட்டிங் துணி விற்கும் ஒரு முதலாளி. ஆயிஷாதான் போய்ச் சொல்லியிருக்கிறாள். மாசத்துக்கு ஒரு தடவை ரோலில் மிஞ்சிய துண்டுகளைக் கட்டி மேலே அனுப்பிவிடுவார். மிச்சம் என்று பெயர்தான், பாதி ரோலும் வரும். ஒரு நாள் கூட மாடியேறி வந்து அது என்ன ஆயிற்று என்று அவர் பார்த்ததில்லை.

இலவசம் என்றால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். கை கால் நன்றாக இருந்தவரை வீட்டுக்கே சோறு போட்டவர்கள். அதற்கு சுசீலா ஒரு வழி வைத்திருந்தாள். "இது சாம்பிள் பீஸ். போட்டுப் பாத்துட்டு வந்து குறை சொல்லணும். அதான் கூலி" என்பாள். கூலியைக் கறாராக வாங்கவும் செய்வாள். அப்படி வந்த குறைகளால்தான் சிலுவார் சிலுவாராக ஆனது. நர்ஸ் கம்பியைத் துடைத்து மருந்து வைக்க வசதியாகப் பட்டன் முட்டிக்கு மேலே இன்னும் நாலு விரல் ஏற வேண்டும் என்றான் ஒருவன். ஊன்றுகோல் வலது கக்கத்தில் இருப்பதால் பையை இடது பக்கம் வை என்றான் இன்னொருவன். ஆஸ்பத்திரி அட்டையை மடக்காமல் வைக்க உள்பக்கம் ஒரு பை வேண்டும் என்று ஒருவன் வரைந்தே கொண்டு வந்தான். கடையில் ஒரே அமளியாக இருக்கும். முக்காலியில் ஒருத்தன், கீழே அட்டைப் பெட்டியில் ஒருத்தன், ஆயிஷா கடை வாசலில் இரண்டு பேர். ரவிக்கை வாங்க வந்த அம்மாக்கள் இதென்ன கடையா ஆஸ்பத்திரியா என்று முனகுவார்கள். முனகட்டும் என்று விட்டுவிடுவாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வெங்கட் வந்தான். புதுக்கோட்டைக்காரன், முப்பது வயது இருக்கும். சாரம் சரிந்து வலது கால் நொறுங்கி, எட்டு மாசமாகக் கம்பியோடு இருந்தான். அறைத்தோழன் இம்ரான்தான் பக்கத்துத் தெருவிலிருந்து கைத்தாங்கலாக அழைத்து வந்தான். சுசீலா வழக்கமான சிலுவாரைக் கொடுத்தாள். அடுத்த வாரமே கூலியோடு வந்துவிட்டான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தப் பட்டன் வரிசை இருக்கே, அது தூரத்துலயே சொல்லிக் குடுத்துருது."

"என்னன்னு?"

"இவன் கம்பிக் காலுன்னு."

"தெரிஞ்சா என்னப்பா? எடம் விடுவாங்கல்ல."

"விடுறாங்கக்கா. பஸ்ல ஏறினா நாலு பேரு எந்திரிக்கிறாங்க. டீக்கடைல காசு வாங்க மாட்டேங்குறாங்க. கோயில்ல அம்மாங்க எல்லாம் ஐயோ பாவம்னு கன்னத்துல கை வைக்கிறாங்க. எல்லாரும் நல்லவங்கதான், நான் குறை சொல்லல. ஆனா எட்டு மாசமா என் மூஞ்சிய ஒருத்தரும் பாக்கலக்கா. காலைத்தான் பாக்குறாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "தீபாவளிக் கடைத்தெருவுல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கூட்டத்துல ஒருத்தனா நடந்துட்டு வரணும். அவ்வளவுதான்."

சுசீலாவுக்குச் சுருக்கென்றது. பாதி அவனுக்காக, பாதி தன் தொழிலுக்காக. முப்பத்தஞ்சு வருஷமாக மிஷின் மிதிக்கிறவள் தைத்த சிலுவார் தூரத்திலேயே காட்டிக் கொடுக்கிறது என்றால் அப்புறம் என்ன பெயர்? பதினேழு வயதில் அவள் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கடையில் பெல்பாட்டம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வெட்டு கையில் இன்னும் இருந்தது. இரண்டு காலையும் ஒரே மாதிரி அகலமாக வைத்தால் எந்தக் காலில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உள்ளே கேன்வாஸ் கொடுத்து விறைப்பாக்கினால் வளையத்தின் மேல் துணி ஒட்டாது. பட்டன் வரிசையைப் பக்கத் தையலுக்கு உள்ளே மடித்து மறைத்துவிடலாம்.

மூன்று சாயங்காலம் வீட்டில் இதே வேலை. புருஷன் மாணிக்கம் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்த மனுஷனின் காலில் பெரிய மைலோ டின்னின் இரண்டு பக்கமும் வெட்டி மாட்டிவிட்டு, மேலே சிலுவாரைப் போட்டுக் கூடத்தில் நடக்க விட்டாள். "இன்னும் கொஞ்சம் நேரா நடங்க. டின்னு தெரியுது." அவரும் நடந்தார். "நாளைக்கு பஸ்ஸுக்கும் இதையே போட்டுட்டுப் போகவா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் டின் தெரியவில்லை. சுசீலா சோபாவில் உட்கார்ந்து தன் கைவேலையைத் தானே பார்த்துப் பார்த்து மாய்ந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வெங்கட் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். கரும்பழுப்புத் துணி, இரண்டு பக்கமும் தொங்கும் மடிப்பு. கண்ணாடி முன்னால் நின்றான். முன்னால் பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான்.

"ஒருத்தருக்கும் தெரியாதுப்பா" என்றாள் சுசீலா.

ஆயிஷா கை தட்டினாள். "சினிமா ஸ்டார் மாதிரி இருக்கு லா!"

வெங்கட் கையிலிருந்த ஊன்றுகோலைப் பார்த்தான். இரண்டு கோல் போய் ஒரு கோலுக்கு வந்திருந்தான். அந்த ஒன்றை விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது சுசீலாவுக்கும் தெரியும். "அக்கா, ஒரு மணி நேரம் இது இங்க இருக்கட்டுமா? மெதுவாத்தான் நடப்பேன். கேம்பல் லேன் வரைக்கும் போயிட்டு வந்துருவேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையை எட்டு வருஷமாக எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள். அன்றைக்குச் சொல்லவில்லை. "சரி, பாத்துப் போயிட்டு வா" என்று கோலை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தாள்.

அவன் படியிறங்கிப் போனதும் மாடி விளிம்புக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். கீழே தலைக்கு மேல் தலை. தோளோடு தோள் உரசிக்கொண்டு ஆயிரம் பேர். அதில் வெங்கட் எவன் என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. நெஞ்சு நிறைந்து போயிற்று அவளுக்கு. "தைச்ச எனக்கே தெரியல ஆயிஷா!" என்று கத்தினாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடையைச் சாத்தும் நேரமும் வந்தது. கோல் மேசைக்கு அடியிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை காலையில் இம்ரான் வந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கடைத்தெரு நெரிசலில் யாரோ அரிசி மூட்டையோடு வந்தவன் இடித்துவிட்டான், வெங்கட் நடைபாதை விளிம்பில் விழுந்தான், இரண்டு கம்பி பிடுங்கிக்கொண்டது. ஆம்புலன்ஸில் தூக்கிப் போனார்கள். "உள்ள எலும்பும் அசைஞ்சிருக்காம்கா. சீழ் வச்சிருச்சுன்னா காலை எடுத்துற வேண்டியதுதான்னு சொல்றாங்க. வியாழக்கிழமைதான் தெரியும்."

சுசீலா அன்று முழுக்க ஒரு தையல் கூடப் போடவில்லை. ஊரெல்லாம் அவன் காலைப் பார்த்து வழிவிட்டது, தன் கெட்டிக்காரத்தனம் அந்தக் கண்ணையெல்லாம் மூடிவிட்டது என்பதே திரும்பத் திரும்ப மண்டைக்குள் ஓடியது. மறைத்தது அவள். கோலை வாங்கி வைத்தவளும் அவள். செவ்வாய்க்கிழமை ஒரு புதுக் கம்பிக் கால் வந்து நின்றது. நாற்பது வயசுக்காரர், மாடி ஏறியதில் வியர்த்து ஊற்றியது. "இப்ப அதெல்லாம் தைக்கறதில்லைங்க" என்றாள். அவர் சரிங்க என்று சொல்லிவிட்டு, ஏன் என்று கூடக் கேட்காமல் திரும்பிப் போனார். ஊன்றுகோல் சத்தம் படியில் ஒவ்வொன்றாக இறங்கியது.

ஆயிஷா பொரிந்து தள்ளினாள். "என்னக்கா நீங்க? அந்த மனுஷன் என்ன பண்ணாரு?"

"எனக்குக் கை வரல ஆயிஷா."

"அவன் கால் போச்சுன்னா இவரு கைலியோட சுத்தணுமா? நல்லா இருக்கு லா உங்க நியாயம்."

வீட்டில் மாணிக்கம் அதிகம் பேசவில்லை. புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, "அவனப் போய்ப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். "என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?" என்றாள். "இருக்கற மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போ" என்றார் அவர்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரயிலில் ஒரு சின்னப் பெண் அவள் கையிலிருந்த கோலைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, உட்கார்ந்துவிட்டாள். எதிரே இருந்தவர்கள் எல்லாம் அவள் காலை ஒரு தடவை பார்த்தார்கள். மூன்று ஸ்டேஷன் வரைதான். அதற்குள் உடம்பு கூசிப் போயிற்று அவளுக்கு. எட்டு மாசம் என்று அவன் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் வெங்கட் படுத்திருந்தான். கால் தலையணை மேல் உயர்ந்திருந்தது. போர்வைக்கு வெளியே வளையம் தெரிந்தது. வளையம் இருக்கிறது என்றால் கால் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"காலைல டாக்டர் சொல்லிட்டாருக்கா" என்று அவனே முந்திக்கொண்டான். "சீழ் இல்ல. ரெண்டு கம்பி புதுசாப் போட்டிருக்காங்க. இன்னும் மூணு மாசம் கூட ஆகும், அவ்வளவுதான்."

சுசீலா கோலைக் கட்டிலில் சாய்த்து வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அடக்கி வைத்திருந்த அழுகை பீறிக்கொண்டு வந்தது. "என்னால வந்ததுப்பா. நான் தைச்சதால வந்தது. கோலை வாங்கி வச்சேனே, பாவி. இனிமே செவப்புப் பட்டி வச்சுத் தைக்கறேன். ஊருக்கே தெரியட்டும். தூரத்துலயே பாத்து ஒதுங்கட்டும்."

"செவப்புப் பட்டியா? வேணாங்க்கா."

"இடிச்சவன் யாருப்பா? கண்ணு தெரியாம வந்தானா?"

வெங்கட் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எட்டு மாசமாகக் கம்பியோடு கிடப்பவனின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் எதிர்பார்க்கவில்லை.

"யாருன்னு தெரியலக்கா. தோள்ல அரிசி மூட்டை. வந்து இடிச்சான் பாருங்க, நான் தடுமாறி நிக்கிறேன், இன்னும் விழல. அதுக்குள்ள திரும்பி, 'யோவ்! நடு ரோட்டுல மாப்பிள்ளை ஊர்வலமா போற? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?'ன்னு கத்தினான்."

"அடப்பாவி! அடிபட்டவனைப் பாத்தா?"

"அவனுக்கு எங்கக்கா தெரியும்? என் மூஞ்சியப் பாத்துத் திட்டினான். நேரா என் மூஞ்சிய." வெங்கட் கையூன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தான். "எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நானும் விடல. 'மூட்டை தூக்குனா ரோட்டையே எழுதி வாங்கிட்டியா? போடா'ன்னு கத்தினேன். அவன் ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, சுத்தி இருந்தவங்க எல்லாம் 'சண்டைய ஓரமா போய் வச்சுக்கங்கப்பா'ன்னு ரெண்டு பேரையும் சேத்துத் திட்டினாங்க. அதுக்கப்புறம்தான் கால் மடங்கி விழுந்தேன். விழுந்ததும் கம்பியப் பாத்துட்டு அவனும் மாறிட்டான். ஐயோ அண்ணேன்னு அழுதுட்டான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தான்."

அவன் குரல் இறங்கியது. "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு அரை நிமிஷம் இருக்குமாக்கா? எட்டு மாசமா என்னை ஒருத்தன் திட்டினதில்ல."

அவன் கண்ணிலும் தண்ணீர் நின்றது. சுசீலா முந்தானையால் தன் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, அவன் கண்ணையும் அதே முந்தானையால் துடைத்துவிட்டாள். மடியில் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அவன் என்ன சொன்னான்? மாப்பிள்ளை ஊர்வலமா? சரியாச் சொல்லு, முதல்லேருந்து சொல்லு" என்றாள்.

வெங்கட் தலையணையை இழுத்து முதுகுக்குக் கொடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.